வாசலில் பரப்பிய மண்

அன்புள்ள மகளுக்கு,

பேச்சை நிறுத்தி ஆறு மாதமானாலும், நான் காட்டுக்குப் போகும் நாட்களில் நீ வீட்டுக்கு வந்து போகிறாய். எச்சத்தைப் பார்த்தே கரடியா நரியா என்று சொல்லும் எனக்கு, சீப்பில் சிக்கிய உன் முடி போதாதா?

போதவில்லை. காட்டில் சிறுத்தையின் காலடி பதியச் செய்வதுபோல் வாசலில் சலித்த மண்ணைப் பரப்பிவிட்டுப் போனேன். "என்னக்கா, வீட்டுக்கும் சிறுத்தை வருதா?" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள்.

நேற்றுத் திரும்பியபோது மண்ணில் இரண்டே தடங்கள். ஒன்று உள்நோக்கி, மற்றது அங்கேயே திரும்பி வெளிநோக்கி. வேவு பார்க்கிறேன் என்று நினைத்திருப்பாய். வேவுதான் பார்த்தேன்.

மண்ணைக் கூட்டித் தள்ளிவிட்டேன். அலுப்பாக இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை நான் காட்டுக்குப் போகவில்லை. சாவியைத் தேடாதே, கதவு திறந்தே இருக்கும்.

அம்மா