பெண்படையில் பஞ்சாலை

12 மார்ச் 1953
இன்று ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகவில்லை. படம் எடுக்க வந்த வெள்ளைக்காரர்களிடம் எங்களில் சிலரைத் தோட்டத்துத் துரை அனுப்பிவிட்டார். காட்டை ஆளும் பெண்படையாம் நாங்கள்! கையில் ஈட்டி, முகத்தில் சுண்ணாம்புக் கோடு. நிஜக் காட்டுக்குள் போனால், அங்கே ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளைத் தேடும் பட்டாளம் சுட்டுவிடும். அதனால் எங்கள் ரப்பர் மரங்களுக்கே கொடி சுற்றிக் காடாக்கிவிட்டார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

14 மார்ச்
“காட்டு ஜாதி மாதிரி கோபமா எதையாச்சும் கத்துங்க. படம் சீமையிலதான் ஓடும், அங்க யாருக்குத் தமிழ் தெரியும்?” என்றார் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி.

எதைக் கத்துவது?

“மண்டோர நெனச்சுக்க அகதா, கோபம் தானா வரும்” என்றாள் என் தோழி பஞ்சாலை. எங்களை வேலை வாங்கும் மண்டோர் தங்கராஜு ஸ்டோருக்குப் பின்னால் அவள் கையைப் பிடித்து இழுத்ததை என்னிடம் மட்டும்தான் சொல்லி அழுதிருக்கிறாள்.

ஈட்டியைத் தூக்கினேன். “டேய் தங்கராஜு! இனி பொம்பளைங்க மேல கை வச்சே, வெட்டிப் போட்ருவோம்!”

“ஆமா! வெட்டுவோம்!” பஞ்சாலைதான் எல்லோரையும் விட உரக்கக் கத்தினாள். கிராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மனசு லேசாக இருக்கிறது.

9 ஜனவரி 1954
அந்தப் படத்தை நாளை நம் திடலிலேயே காட்டப் போகிறார்களாம். நம் தோட்டத்தில் எடுத்ததென்று துரைக்குப் பெருமை. நான் கத்தியது இங்கே எல்லோருக்கும் புரிந்துவிடுமே!

10 ஜனவரி
எல்லோரும் கேட்டுவிட்டார்கள். முதலில் சிரித்தார்கள், பிறகு ஒவ்வொருவராக முன்பக்கம் எட்டிப் பார்த்தார்கள். தங்கராஜு முன்வரிசையில், பெண்டாட்டியோடு.

11 ஜனவரி
ஆபீசில் விசாரணை. “இவ காட்டுல இருக்கிறவனுங்களுக்கு ஆளு தொரை” என்கிறான் அந்தப் படுபாவி. இந்தக் காலத்தில் அந்த ஒரு சொல் போதும், ஜெயிலுக்கு அனுப்ப.

பஞ்சாலையைக் கூப்பிட்டார்கள். ஒரு வார்த்தை, அவள் உண்மையைச் சொன்னால் போதும் எனக்கு. என் பக்கம் திரும்பவே இல்லை.

“மண்டோரு தங்கமானவரு தொரை. அகதா கத்தச் சொன்னா, கத்தினேன். எதுக்குன்னே தெரியாது.”

கிராணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாவி, உனக்காகத்தானேடி கத்தினேன்? பயந்திருப்பாள் — யாருக்குத்தான் பயமில்லை? எனக்கு மட்டும் இல்லையா?

13 ஜனவரி
ஜெயில் இல்லை, வேலையும் இல்லை, வீடும் இல்லை. சாமான்களை லாரியில் ஏற்றினேன். பஞ்சாலை வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

6 ஜூன்
பகாவ் பட்டணத்துக் கொட்டகையில் அந்தப் படம். இந்தப் புதுத் தோட்டத்துப் பெண்கள் வற்புறுத்தி இழுத்துப் போனார்கள். திரையில் நான் ஈட்டியைத் தூக்கியதும் பக்கத்தில் இருந்த வள்ளியம்மா என்னைக் கிள்ளினாள்.

“அது நீதானே? உன் தோளப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாளே, அவ யாரு? உன் கூட்டாளியா?”

“தெரியாது” என்றேன்.

திரையில் பஞ்சாலை எல்லோரையும் விட உரக்கக் கத்திக்கொண்டிருந்தாள்.