பதினேழாவது கேள்வி

பிப்ரவரி 3, செவ்வாய்

அந்தச் சந்தின் ஐம்பத்திரண்டு வீடும் முடிந்தது. கால் வலி உயிர் போகிறது. கல்லூரியும் தொண்டு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் ஆய்வு. வீடு வீடாக ஏறி இறங்குவது மட்டும் மாணவர்களான எங்கள் பங்கு.

பதினேழாவது கேள்வி: கழிப்பறை வசதி உண்டா, இல்லையா? அந்தச் சந்துக்கே ஒன்றுதான், கடைசியில். தாழ்ப்பாள் கிடையாது. பேராசிரியருக்குப் போன் போட்டேன். “பொதுவா இருந்தாலும் உண்டுதாம்மா. டிக் போட்டுட்டு அடுத்ததுக்குப் போ.” போட்டேன். மனசு கேட்காமல் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் அவர்கள் சொன்னதைப் பென்சிலால் எழுதி வைத்தேன்.

கடைசி வீட்டில் சட்டைக்குப் பட்டன் தைக்கிற அக்கா, ஊசியை நிறுத்தாமலே பேசினார். “நாலரைக்கே எழுந்து வரிசையில நிக்கணும். பயந்துகிட்டுப் பகல்ல தண்ணியே குடிக்கறதில்ல. இதையும் எழுதிக்கோ.”

பிப்ரவரி 12

தாள்களைக் கணினியில் ஏற்றுவது எங்கள் வகுப்புக் கணக்குப்புலி. ஓரக் குறிப்பையெல்லாம் என்னடா செய்தாய் என்றேன். “அதுக்குக் கட்டமே இல்லையே.” நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

அறிக்கை வெளியீடு. வழவழ காகிதம். ‘நூறு சதவீத வீடுகளுக்கும் கழிப்பறை வசதி உள்ளது.’ பக்கத்திலேயே படம்: அதே கழிப்பறை, புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, சுவரில் நிறுவனத்தின் பெயர். ஆறு வருஷத்துக்கு முன் அவர்கள் கட்டியதாம். நிறுவன இயக்குநருக்கு முகமெல்லாம் பல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கைதட்டினேன். ஏன் தட்டினேன்?

மார்ச் 4, புதன்

பட்டன் அக்கா போன் செய்தார். நகராட்சி புதுக் கழிப்பறைகள் கட்டும் பட்டியலில் அந்தச் சந்து இருந்ததாம். எடுத்துவிட்டார்கள்.

“ஆபீஸ்ல உங்க புத்தகத்தத்தான் தூக்கிக் காட்டறாங்க. எங்க எல்லார் வீட்லயும் இருக்காம்ல? நீதானேம்மா எழுதிட்டுப் போன? நான் சொன்னத என்ன பண்ணின?”

அவர் வைத்ததும், அறிக்கையைத் திருத்தச் சொல்லிக் கேட்பது என்று முடிவு செய்தேன்.

மார்ச் 5

பேராசிரியர்: “முறைப்படி பாத்தா தப்பே இல்லம்மா.”

இயக்குநர்: “இப்பத் திருத்தினா எங்க பேரு என்ன ஆகறது?”

பேராம் பேரு! அந்தப் பேர சுவத்துல எழுதினாங்களே, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடத் தோணிச்சா? இவங்க வீட்டுப் பொம்பளைங்கள ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த வரிசையில நிக்கச் சொல்லுங்க பாப்போம் –

எவ்வளவு கத்தினாலும் ஒன்று மட்டும் மாறாது: ஐம்பத்திரண்டு டிக்கும் என் கையெழுத்து. அவர்கள் மேல் வருகிற கோபத்தில் பாதி என்மேல்தான்.

மார்ச் 6

துறை அலமாரிச் சாவி வாங்கித் தாள்களை நகல் எடுத்தேன். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

சந்துக்குப் போனேன். மூன்று வீடுகளில் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார்கள். பட்டன் அக்கா வாசலில் நிற்க வைத்து, “படி” என்றார். அவரவர் சொன்னதை அவரவருக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் அழுகை வந்தது. “அழுது என்ன ஆகப்போகுது? தாள இங்க குடு. இனிமே நீ எழுத வேணாம், நாங்களே எழுதிக்கறோம்” என்றார்.

மார்ச் 12

அகமதிப்பீட்டில் எனக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள். காரணம்: ‘ஒத்துழைப்பு போதாது.’ அம்மா, “வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?” என்றார். மாட்டேன்.

மார்ச் 16, திங்கள்

அக்கா வரச் சொன்னார் என்று விடியுமுன்னே போய் வரிசையில் நின்றேன். பதினோராவது ஆள். என் முறை வந்தபோது ஐம்பத்தேழு நிமிடம் ஆகியிருந்தது. உள்ளே போனால் வெளியிலிருந்து ஒருவர் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு அக்காவே பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும் நோட்டைத் திறந்தார்.

“உங்க வீட்ல எத்தன பேரு?”

“நாலு.”

“எத்தன கக்கூஸு?”

“ரெண்டு.”

நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். எட்டு நாளாக யார் எத்தனை மணிக்கு வந்தார், எவ்வளவு நேரம் நின்றார், எல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பத்துப் பெண்கள் அதை நகராட்சிக்கு எடுத்துப்போய், அதிகாரியம்மா நேரில் வந்து பார்ப்பதாகக் கையெழுத்துப் போடும்வரை நகரவில்லையாம்.

நாளை வருகிறார். காலை நாலரைக்கு. வரிசையில் அவருக்குப் பன்னிரண்டாவது இடம் ஒதுக்கியிருக்கிறார் அக்கா.