முடியாத தவக்காலத்துப் பழச்சம்பல்

இன்று வெள்ளிக்கிழமை. சந்தையில் செங்காய் மாங்காய் கண்டு வாங்கிவந்தேன். கத்தி இறங்கியதும் பாதி புளிப்பும் பாதி இனிப்புமாக அந்த மணம் எழும்பியது. கை தன்பாட்டில் இரண்டு பேருக்கு அரிந்துவிட்டது. என் மனுசன் எட்டிப் பார்த்து, "ஆருக்கப்பா இவ்வளவு?" என்றார். "எனக்குத்தான்" என்றேன். என் உடம்பைப் பார்த்தவர் எவரும் நம்பக்கூடிய பொய்தான்.

என் மகள் கைப்பேசியில் எவரோ செய்வதைப் பார்த்துவிட்டு இதைச் 'சலாட்' என்கிறாள். சிநேகிதி, கந்தோர் மேசையில் கோப்புகளை ஒதுக்கிவிட்டு நீயும் நானும் கலந்த காலத்தில் அது வெறும் பழச்சம்பல். மாங்காய், அன்னாசி, கொய்யா, மாதுளை முத்து. செத்தல் மிளகாயை வறுத்துக்கொண்டு வந்து கையாலேதான் நொறுக்குவாய். தூள் போட்டால் பழத்துக்குப் பவுடர் பூசியதுபோல் இருக்குமாம். பிறகு மிளகு, கொஞ்சம் சீனி, தேசிக்காய்ப் புளி. உப்பு சாப்பிடும் நேரத்தில்தான். முந்திப் போட்டால் பழம் அழத் தொடங்கிவிடும் என்பாய். எல்லாவற்றுக்கும் கடைசியில் வறுத்த கச்சான் கடலையும் கஜுப்பருப்பும்.

"அதுகள் வாய்க்குள்ளை சத்தம் போடோணும். கந்தோரிலை நீ மட்டும் சத்தம் போட்டாக் காணுமோ?"

எனக்கு வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி. குருநகரில் கடலைப் பார்த்துப் பிறந்த உனக்கோ மரக்கறி என்றால் காய்ச்சல்காரரின் சாப்பாடு. ஆனாலும் எனக்குத் துணையாக அன்று மீனை வீட்டில் விட்டுவிட்டு வருவாய்.

ஒரு வருடம் உங்கள் தவக்காலத்தின் முதல் வெள்ளி, எல்லாவற்றையும் கலந்து முடித்துக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாய்.

"நீ?"

"நான் இதை ஒறுத்தல் செய்யிறன்."

"உங்கடை ஆக்கள் இறைச்சியையெல்லோ விடுறவை?"

"மீன்பிடிக்கிற வீட்டிலை இறைச்சியை விடுறது பெரிய ஒறுத்தலோடி? விளமீன் குழம்போடை வயிறு முட்டத் திண்டுபோட்டு ஆண்டவரிட்டை ஒண்டைக் கேக்க வெக்கமாயிருக்காதோ?"

நீ கேட்டது உன் மகனை. பிரான்சுக்குப் போனவனுக்கு அங்கே வதிவிட அனுமதி கிடைக்கவில்லை. அது இல்லாமல் ஊருக்கு வந்துபோக வழியில்லை. அவன் வந்து உன் வீட்டுக் கதிரையில் இருக்கும்வரை பழச்சம்பல் வாயில் வைப்பதில்லை என்று நேர்ந்துவிட்டாய். "உனக்கு மட்டும்தான் சொன்னனான். வெளியிலை விட்டியோ, வாயைத் தைச்சுப்போடுவன்" என்றும் சொன்னாய். என்னிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு அப்படிக் கேட்பதற்கும் ஒரு விசுவாசம் வேண்டும்.

தவக்காலம் முடிந்து உயிர்ப்பு ஞாயிறும் வந்து போனது. உங்கள் தெருவெல்லாம் கோழிக்கறி மணத்ததாம். அடுத்த வெள்ளி கிண்ணம் மறுபடியும் என் பக்கமே வந்தது. அதற்கடுத்த வருடமும் அப்படித்தான். உன் தவக்காலம் முடிகிற பாட்டைக் காணோம்.

ஒரு வாயாவது உன்னைச் சாப்பிட வைக்க நானும் ஒரு கூத்து ஆடிப் பார்த்தேன். ருசி பார்க்காமல் கலந்துவிட்டு, "உப்புக் காணுமோ?" என்று என்னைக் கேட்பாய். ஒருநாள் அளவான உப்புக்கு முகத்தைச் சுளித்து, "சப்பெண்டு கிடக்கு. நம்பாட்டி நீயே வாயிலை வைச்சுப் பார்" என்றேன். நீ பார்க்கவில்லை, இன்னொரு நுள்ளு போட்டாய். நானும் விடவில்லை, நீயும் விடவில்லை. கடைசியில் குருநகர்க் கடலை அள்ளி ஊற்றியதுபோல ஒரு கிண்ணம் என் முன்னால் இருந்தது.

"முழுக்கச் சாப்பிடு. சப்பெண்டுதானே சொன்னனி?" கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். நான் பின்னேரம்வரை தண்ணீர்ப் பானையோடு குடும்பம் நடத்தினேன். பிரஷர்க் குளிசை எனக்கு எழுதியவர் டொக்டர்; எழுத வைத்தவள் நீ.

பிறகு உனக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் வந்தது. மகனுக்கு அனுமதி கிடைத்து டிக்கெட்டும் போட்டாயிற்று என்ற செய்தி வந்த அன்று, தாதி அங்காலே திரும்பிய நேரம் பார்த்துக் கைப்பையிலிருந்து கிண்ணத்தை எடுத்தேன்.

"கேட்டது கிடைச்சிட்டுது. ஆண்டவருக்கு வேறை வேலை இல்லையே, உன்ரை வாயையே பாத்துக்கொண்டிருக்க? ஒரு துண்டு எடடி."

கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி மணந்தாய். பிறகு மூடியைப் போட்டு அழுத்தினாய்.

"கதிரையிலை இருக்கட்டும் எண்டெல்லோ சொன்னனான். வாறான்தானே விசரி. எல்லாரும் சேந்து சாப்பிடுவம்."

ஊரில் எல்லாரோடும் வாதாடும் நான், அன்று மட்டும் வாதாடாமல் கிண்ணத்தோடு பஸ் ஏறினேன். இன்னொருக்கால் கேட்டிருந்தால் எடுத்திருப்பாயோ? தெரியாது. அந்தத் தெரியாமைதான் இப்போதும் என்னை அரிக்கிறது.

அவன் வந்தபோது உங்கள் முற்றத்துப் பந்தலுக்குக் கீழே எத்தனையோ கதிரைகள். நீ மட்டும் இல்லை. அடக்கம் முடிந்த மறுநாள் பழச்சம்பல் கலந்து கொண்டுபோனேன். உன் கதிரையில் இருந்து, கண் வீங்கிய முகத்தோடு, பசித்த பிள்ளைபோலச் சாப்பிட்டான்.

"நல்லாயிருக்கு அன்ரி. அம்மா உதைத் தொடமாட்டா, என்ன? வீடியோக் கோலிலை கண்டிருக்கிறன், கந்தோரிலை நீங்கள் சாப்பிடுவியள், அவ கை வைக்கமாட்டா. அவவுக்கு உது பிடிக்காது போலை."

என் வாயைத்தான் உனக்குத் தெரியுமே. உடுவிலில் காலையில் கேட்டதை மத்தியானத்துக்குள் கரவெட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வாய். திறந்தேன். அவன் கையிலிருந்த கிண்ணத்தில் இன்னும் பாதி இருந்தது.

"ஓமடா தம்பி" என்றேன். "பழத்துக்கு உறைப்புப் போட்டா அவவுக்குப் பிடியாது."

அவன் தலையை ஆட்டிவிட்டு மிச்சத்தையும் சாப்பிட்டான்.

இப்போதும் வாரத்தில் ஒருநாள் கோல் எடுக்கிறான். உன்னைப் பற்றித்தான் கதைப்போம். தாய்க்கு என்னென்ன பிடிக்கும், என்னென்ன பிடிக்காது என்று அவன் சொல்லிக்கொண்டே போவான். அதில் ஒன்று பிழை என்று தெரிந்த ஒரே ஆள் நான். ஒவ்வொரு முறையும் அது நாக்கு நுனிவரை வருகிறது. "ஓமடா தம்பி" என்று சொல்லி விழுங்கிவிடுகிறேன்.