கூசாத கண்ணாடியின் முன்பக்கம்

1981 மார்ச் 12, வியா.

மதியத்திலிருந்து மழை. ஐந்தாம் படிவ வேதியியல் தாள்கள் பாதிதான் முடிந்தன. அரிசி, விளக்கெண்ணெய், அம்மாவின் கண்சொட்டு மருந்து: வாங்கியாயிற்று.

தம்பி செல்வத்தின் படத்துக்கு வேறு கண்ணாடி போட, சிலிபினில் மணியத்தின் கடையில் கொடுத்தேன். விளக்கேற்றினால் கண்ணாடியில் சுடர்தான் தெரிகிறது, பிள்ளை முகம் தெரியவில்லை என்று அம்மாவுக்கு ரொம்ப நாளாகக் குறை. பீடோரில் நடந்த லாரி விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சவப்பெட்டியைத் திறக்க விடவில்லை. கடைசியாக அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. இருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த இந்த ஐ.சி. படம், பெரிதாக்கியது.

மணியம் புதுச் சரக்கைக் காட்டினார். ஒரு பக்கம் மட்டும் அமிலத்தில் மங்கலாக்கிய கண்ணாடி. அந்தப் பக்கம் வெளியே இருந்தால் கூசாது.

"எது அந்தப் பக்கம்?"

"ரெண்டும் சாமாதான்லா டீச்சர். எப்படிப் போட்டாலும் ஒண்ணுதான்."

"இருக்க முடியாது."

"கண்ணாடி மாட்ட வந்த எடத்துலயும் பரீட்சையா?" கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. குடையை அங்கேயே மறந்துவிட்டேன்.

13, வெள்.

வெயில். மணியமே படத்தையும் குடையையும் கொண்டுவந்து கொடுத்தார். மாட்டினேன்.

மாலை அம்மா விளக்கேற்றினாள். சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து ஒரு சாண் அளந்து சந்தனப் பொட்டு. சரியாக நெற்றியில். படத்துக்குப் பொட்டு வைப்பதெல்லாம் எனக்கு ஒத்துவராது. ஆனாலும் அந்தச் சாண் அளப்பதில் ஒரு பக்தி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"இப்பத்தான் பாப்பா கூசல. நல்லாத் தெரியறான்."

நிம்மதி. பல நாட்களுக்குப் பிறகு.

கண் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கண்ணில் அழுத்தம், பார்வை மங்கினால் அன்றைக்கே வரவேண்டும் என்பது டாக்டர் கட்டளை.

"அதுக்கென்ன. உன்ன விட நல்லாத் தெரியுது."

14, சனி.

காலை, தூசு துடைக்கும்போது: படத்தின் கண்ணாடியில் ஜன்னல் கம்பிகள். எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு.

அம்மா கிணற்றடியில். படத்தை இறக்கி, பின்னாணிகளை நெம்பி, கண்ணாடியை எடுத்து டியூப் லைட்டின் கீழ் சாய்த்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் விளக்கு, வரைகோல் வைத்துப் போட்ட கோடு. திருப்பினால் பால் சிந்தியதுபோல் கலைந்தது. நகம் வைத்தேன். கலைந்த பக்கத்தில் லேசாகப் பிடித்தது.

மணியம் புரட்டித்தான் போட்டிருக்கிறார். நான் சொன்னது சரி. ஒரு நிமிடம் அதில் மகிழ்ச்சிகூட.

பிறகுதான் உறைத்தது. நேற்றும் சுடர் முழுசாக அதில் தெரிந்திருக்க வேண்டும். கூசவில்லை என்றாளே.

மங்கல் பக்கம் வெளியே வரும்படி திருப்பி மாட்டினேன். அவளிடம் சொல்லவில்லை.

மதியம் உப்பு ஜாடியை வழக்கமான இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். கேவலமான சோதனை. அவள் கை பழைய இடத்தில் தடவியது. மறுபடியும் தடவியது.

"உப்பு எங்க போச்சு? கால் மொளச்சிருச்சா?"

கண்ணெதிரே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சம் இல்லை என்றாள். நடுப்பகல்.

தாள்களைத் தொடவில்லை.

15, ஞாயி.

மூட்டம். காற்றே இல்லை.

காலை விளக்கு. சாண் அளந்தாள். கட்டைவிரல் கண்ணாடியில் பட்டதும் நின்றது. மறுபடி தடவினாள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை.

"என்னமோ மாவு தடவுன மாதிரி இருக்கு. கண்ணாடிய மாத்துனியா?"

"திருப்பிப் போட்டேன். கடைக்காரர் தப்பாகப் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை கூசியிருக்க வேண்டும், அம்மா."

சந்தனம் விரலிலேயே காய்ந்தது.

"எந்தக் கண்?" என்றேன்.

"ரெண்டும்தான்."

"எப்போதிருந்து?"

"பெட்டி வந்தப்பவே மங்கல். பொங்கலுக்கப்புறம் ஒண்ணுமே தெரியல."

இரண்டு மாதம். அன்றைக்கே வரச் சொல்லியிருந்தார்கள்.

"ஏன் சொல்லவில்லை?"

"ஆஸ்பத்திரிக்குன்னு போனான், பெட்டியிலதான வந்தான். நான் போகமாட்டேன்."

பக்கத்து வீட்டில் போன் செய்து டாக்சிக்குச் சொல்லிவிட்டு வந்தேன். அவள் படத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். தூக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"உனக்குத்தான் தெரியுதே. அவன் மூஞ்சியச் சொல்லு. சொன்னா வாரேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படிச் சொல்வது. முடி இடப்பக்கம் வகிடு என்றேன். நெற்றி அகலம். புருவம் அப்பாவுடையது, நடுவில் சேரவில்லை. "ஆமா, சேராது," என்றாள்.

டாக்சி ஹாரன் அடித்தபோது மூக்குவரை வந்திருந்தேன்.