மூன்று நாள் விதி

2025 மார்ச் 28, வெள்ளி

இன்று மதியம் திருத்தத்தைக் குழுவில் போட்டுவிட்டேன். பெரிய வேலை ஒன்றுமில்லை, நூற்றுப்பத்து வரி நிரல். ஆனால் நாலு மாதமாக மனதில் கிடந்து உறுத்தியது. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் தண்ணீர் முறைப் பட்டியல் வந்ததும் எங்கள் மென்பொருள் ‘மடை’ நேராக விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதில்லை. கிரானில் பிரதீஸ் முதலில் பார்த்து ‘சரி’ என்று அழுத்தவேண்டும். அவனும் அங்கே வயல் செய்கிறவன். வரம்பில் நிற்பான், சிக்னல் இராது, செய்தி ஒரு நாள் பிந்தும். இனி அந்தப் படி இல்லை. பட்டியல் வந்தால் செய்தி தானாகப் போகும்.

“மூன்று நாள் பொறுப்பேன், மறுப்பு வராவிட்டால் நிரலில் சேர்த்துவிடுவேன்” என்று எழுதினேன். அதுதான் எங்கள் விதி. நான்தான் எழுதியது. வெளிநாட்டுப் பெரிய திட்டங்களில் இருப்பதைப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன்.

பிறகு ஏன் இந்த நெஞ்சிடி? மறுப்பு வந்துவிடுமென்றா?

மார்ச் 30, ஞாயிறு

ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன்.

மார்ச் 31, திங்கள்

மூன்று நாள் முடிந்தது. மறுப்பில்லை. சேர்த்துவிட்டேன்.

நான் கணினியையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு அம்மா கேட்டார்: “அது ஆருட சாமான் புள்ள?”

எல்லாருடையதும் என்றேன். நிரல் திறந்து கிடக்கிறது, யாரும் எடுத்துப் பாவிக்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம், சேர்க்கும் அனுமதி மட்டும் என்னிடம்.

“எல்லாருடையதும் எண்டா ஏன் உனக்கு மட்டும் சோறு இறங்குதில்ல?”

சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

அஸ்கர் நானா தோஹாவிலிருந்து எழுதியிருக்கிறார். ஓட்டமாவடிக்காரர். மடையில் பாதி நிரல் அவர் எழுதியது. “பெருநாள் முடிஞ்சி இப்பதான் கொம்பியூட்டரத் திறக்கன் தங்கச்சி. எப்ப சேர்த்த நீ?”

நோன்புப் பெருநாள்!

எனக்குத் தெரியாதா? நேற்று ஏறாவூரிலிருந்து றிஸ்னா பெருநாள் இனிப்பான வட்டிலாப்பம் கொடுத்துவிட்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் செய்தி போகிறதா என்று சோதித்துப் பார்க்கிறவள் அவள்தான். சோறு இறங்காதவள் அதில் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுத்தான் சேர்த்தேன். குழுவில் இருக்கிற நாலு பேரில் இரண்டு பேருக்குப் பெருநாள். அந்த மூன்று நாளையா பார்த்துப் போட்டேன்? மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவன்று யாராவது எனக்கு இப்படிச் செய்திருந்தால் சும்மா இருந்திருப்பேனா? ஊரைக் கூட்டியிருப்பேன்.

வெட்கமாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஆனால் திருத்தத்தைத் திருப்பி எடுக்கவில்லை. அது சரியான திருத்தம்தானே. பிரதீஸுக்குப் பெருநாள் இல்லை, அவனும் ஒன்றும் சொல்லவில்லையே.

ஏப்ரல் 21, திங்கள்

சிறுபோகத்தின் முதல் செய்தி தானாகப் போனது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். மூன்றாம் வாய்க்காலுக்கு வியாழக்கிழமை தண்ணீர். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. சந்தோஷப்படவேண்டும்.

ஏப்ரல் 23, புதன்

காலையில் பிரதீஸ். “அக்கா, வியாழன் எண்டு ஆரு அனுப்பின?”

பட்டியல் நேற்றே மாறிவிட்டதாம். தண்ணீர் ஞாயிற்றுக்கிழமைதான். மாறிய பட்டியலும் அதே இலக்கத்தோடு வந்தபடியால், ஏற்கெனவே அனுப்பியாயிற்று என்று நிரல் விட்டுவிட்டது. அந்த இடத்தை நான் யோசிக்கவே இல்லை.

“நாப்பத்தொரு பேர் விதைநெல் ஊறப்போட்டுட்டாங்க.”

ஊறி முளைவிட்ட நெல்லைச் சேற்றில் வீசவேண்டும். அது மூன்று நாள் காத்திருக்காது. முளை நீண்டு வேர் ஒன்றோடொன்று பின்னிவிட்டால் பிரித்து வீசும்போது ஒடிந்துபோகும். இதைக் கூட அவன்தான் சொல்லித் தந்தான். முந்நூறு பேருக்குத் தண்ணீர்ச் செய்தி அனுப்புகிறேன், இது எனக்குத் தெரியாது.

பழைய படியைத் திரும்பப் போட்டுவிட்டேன். என்ன செஞ்சி வெச்சிருக்கன் நான்?

ஏப்ரல் 25, வெள்ளி

அஸ்கர் நானாவின் கடிதம் நீளம். ஏச்சு இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. சாரம் இதுதான்: “திறந்த மடை எண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டு, திறக்கிற கைய ஒராள்ட கையில வெச்சா அது மடை இல்ல தங்கச்சி, உன்ட வீட்டுப் பைப்பு.” மே மாத முடிவுக்குள் குறைந்தது மூன்று பேரிடம் சேர்க்கும் அனுமதி இருக்கவேண்டும். விதியை எல்லாரும் சேர்ந்து எழுதவேண்டும். இல்லாவிட்டால் நிரலைப் பிரித்துக்கொண்டு போய்த் தனியாக நடத்துவார். றிஸ்னாவும் அவரோடுதான்.

அவருக்கு அந்த உரிமை உண்டு. மடையின் உரிமத்திலேயே இருக்கிறது. நான் பெருமையாக எழுதி வைத்ததுதான்.

பிரிந்தால் என்ன ஆகும்? ஒரே வயல் வட்டைக்கு இரண்டு மடை. ஒன்று வியாழன் என்று சொல்லும், மற்றது ஞாயிறு என்று சொல்லும். பிறகு இரண்டையும் யாரும் பார்க்கமாட்டார்கள். ஆறு வருட வேலை.

ஏப்ரல் 27, ஞாயிறு

தண்ணீர் வந்தது. இருபத்தாறு பேர் பக்கத்து வயல்காரர்களிடம் நெல் வாங்கி மறுபடி ஊறப்போட்டிருக்கிறார்கள். மிச்சப்பேர் இருந்ததையே வீசிவிட்டார்கள். சொட்டை சொட்டையாகத்தான் முளைக்குமாம்.

மே 3, சனி

கிரானுக்குப் போனேன். கமக்காரர் அமைப்பின் மண்டபத்தில் வட்டை விவசாயிகளின் கூட்டம். கதிரை போட்டு இருத்தினார்கள், சோடா தந்தார்கள். எழுந்து நின்று பிழை என்னுடையதுதான் என்று சொன்னேன். மடை தொடர்ந்து செய்தி அனுப்புவதில் யாருக்காவது மறுப்பு இருக்கிறதா என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

அதன்பின், வயல்களுக்குப் பொறுப்பான வட்டை விதானையார் வாய்க்கால் துப்புரவுக்கு நாள் குறிக்கிற விஷயத்தை எடுத்தார். அவர் ‘மறுப்பு இருக்கா’ என்று பொதுவில் கேட்கவில்லை. வாய்க்காலின் கடைசி வயல்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவர் வாயால் சொல்லவைத்தார். பிறகு அதற்கு மேல் வயல், அதற்கு மேல் வயல். தண்ணீர் முதலில் பாயும் மடையடியில் இருப்பவர்களிடம் கடைசியாகத்தான் வந்தார். ஒரு நாளைக் குறிக்க முக்கால் மணித்தியாலம். எனக்குக் கொட்டாவி வந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிரதீஸ் பஸ் எடுக்கும் இடம் வரை வந்தான். பரவாயில்லை, எல்லாருக்கும் கோபம் ஆறிவிட்டது போல என்றேன்.

“ஆறினதா? ஒராளும் வாய் திறக்கல்ல, கண்டீங்கதானே. அவ்வளவு கோவம் அக்கா.”

“கோபமெண்டா ஏசியிருப்பாங்கதானே?”

“ஏசுறது எங்கட ஆக்கள. உங்கள ஏசுவாங்களா? கதிர போட்டு இருத்தின ஆள். மேல்வயல்காரன எல்லாருக்கும் முன்னால மறுக்கவே கூச்சப்படுவாங்க. அதாலதான் விதானையார் கீழால இருந்து கேட்டு வாற.”

எனக்கு ஒன்று உறைத்தது. கேட்டேன். “நீ? மார்ச்சில என்ட திருத்தத்தக் கண்டனியா?”

ரோட்டைப் பார்த்தபடி சொன்னான்.

“கண்டனான். முதல் பட்டியல் எப்பவும் மாறும் அக்கா. அதுக்காகத்தான் ஒரு நாள் வெச்சிட்டு அழுத்துறனான். சிக்னல் இல்லாததால இல்ல.”

“அத ஏன் எழுதல்ல?”

“என்ட வேலையத்தானே நீங்க எடுத்த. வேணாம் எண்டா எனக்காகக் கதைக்கிற மாதிரி இரிக்கும். நீங்களும் முடிவெடுத்துப்போட்டுத்தானே கேட்டிருந்த.”

பஸ் வந்துவிட்டது.

மே 4, ஞாயிறு

அவன் சோம்பேறி என்று நினைத்திருந்தேன். இரண்டு வருடம்! எழுதவே கஷ்டமாக இருக்கிறது. ஒரு நாள் பிந்துகிறது என்று நான் கணக்குப் பார்த்த அந்த ஒரு நாள்தான் நாற்பத்தொரு பேரின் விதைநெல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

காலையில் உட்கார்ந்து புது விதிகள் எழுதினேன். நாலு பக்கம். நல்லாகத்தான் வந்தது. வாசித்துக்கொண்டு போகும்போதுதான் பிடிபட்டது: மறுபடியும் தனியாக இருந்து எழுதியிருக்கிறேன். என்னைத் திருத்த ஏலாது போல.

நாலு பக்கத்தையும் அழித்துவிட்டு ஒரு வரி அனுப்பினேன். ‘நாலு பேரும் சேர்ந்திருந்து எப்போது பேசலாம்? எந்த நாள் என்று நீங்கள் சொல்லுங்கள்.’

மே 18, ஞாயிறு

இரண்டு மணித்தியாலம் பேசினோம். அஸ்கர் நானாவின் முகம் திரையில் நின்று நின்று போனது.

பிரதீஸிடம் முதலில் கேட்கலாம் என்று மட்டும் நான் சொன்னேன். அவன் பேசவில்லை. ‘சரி, அடுத்தது’ என்று சொல்ல வாய் உன்னியது. நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் கதைத்தான். ஒரு திருத்தம் யாருடைய வேலையில் போய்க் கை வைக்கிறதோ, அவர் ‘ஓம்’ என்று வாய் திறந்து சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் சேர்க்கக்கூடாது. மூன்று நாளானாலும் முப்பது நாளானாலும்.

அஸ்கர் நானாவுக்கு அது பிடிக்கவில்லை. “ஒராள் பதில் போடாட்டி வேல அப்பிடியே நிண்டிரும். இப்பிடி ஒரு திட்டமும் ஓடாது.”

“பதில் வரல்லயெண்டா போன்ல கோல் எடுத்துக் கேளுங்க நானா. நாலு பேர்தானே இரிக்கம்” என்றாள் றிஸ்னா.

அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. யோசித்துச் சொல்வதாகப் போய்விட்டார். இப்போது அவர் மௌனத்தை நான் என்னவென்று எடுக்க? கோல் எடுத்தேன், அவர் எடுக்கவில்லை. வேலையில் இருப்பார். இருப்பாரா?

மே 30, வெள்ளி

றிஸ்னாவுக்கும் அஸ்கர் நானாவுக்கும் சேர்க்கும் அனுமதியைக் கொடுத்தேன். ஒரு பொத்தான்தான். அதன் முன்னால் அரை மணித்தியாலம் இருந்தேன்.

நாளையிலிருந்து நான் இல்லாவிட்டாலும் மடை நடக்கும். அதுதானே வேண்டும்? ஓம். ஆனாலும் நான் இல்லாமல் நடக்காது என்கிற எண்ணம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜூன் 1, ஞாயிறு

தவணை முடிந்துவிட்டது. அஸ்கர் நானாவிடமிருந்து ஒன்றுமில்லை. பிரித்துவிட்டாரா என்று இணையம் முழுக்கத் தேடினேன்.

ஜூன் 3, செவ்வாய்

அஸ்கர் நானாவின் திருத்தம் வந்திருக்கிறது! மடைக்குத்தான். அதே இலக்கத்தில் பட்டியல் மாறி வந்தால் கண்டுபிடிக்கிற பகுதி. கீழே எழுதியிருந்தார்: “பிரதீஸுக்குக் கோல் எடுத்துக் கேட்டுட்டன். ஓம் எண்டான். உங்கட விதி எனக்கு இன்னும் பிடிக்கல்ல.”

வாசித்துவிட்டு அழுதேன். வேறென்ன செய்ய.

ஜூன் 19, வியாழன்

நான் ஒரு திருத்தம் போட்டேன். செய்திகள் காலை ஐந்து மணிக்கே போகட்டும், வயலுக்கு இறங்கமுன் பார்த்துவிடுவார்கள் என்று. ஒரு வாரம் யோசித்து எழுதியது. எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பன்னிரண்டு நிமிடத்தில் பிரதீஸ் எழுதினான், குழுவில், எல்லாரும் பார்க்க.

“வேணாம் அக்கா. அஞ்சு மணிக்கு அவங்க வயலுக்குள்ள, போன் வீட்ட கிடக்கும். ஏழரைக்குச் சாப்பிட வரக்கதான் பாப்பாங்க. எனக்கு இது சரியாப் படல்ல.”

முகம் சூடாகிவிட்டது. எல்லாருக்கும் முன்னாலேயா, ஒரு கோல் எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்று முதலில் தோன்றியது. மூன்று பதில் எழுதி மூன்றையும் அழித்தேன். எழுந்து போய்த் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னொரு முறை வாசித்தேன். இரண்டு வருடத்தில் அவன் ‘வேணாம்’ என்று எழுதியது இதுதான் முதல் தடவை.

‘சரி பிரதீஸ்’ என்று போட்டுவிட்டு, திருத்தத்தை நானே மூடினேன்.