பின்வாசல் பைன் மரம்

தம்பி,

கோவிலைப் பெருக்கப் போகிறேன். சாப்பாடு அடுப்பில் மூடியிருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு.

பத்து மணிக்குப் பாடகர் குழுவினர் கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு நம் மரத்தில் கிளை வெட்ட வருகிறார்கள். "அப்பா வச்ச மரம், எவனாவது கை வச்சுப் பாக்கட்டும்"னு நேற்று நீ கத்தியதை அவர்களிடம் நான் சொல்லவில்லை.

இந்த வருஷம் பிளாஸ்டிக் தோரணம் கட்டலாமா என்று ஒருவர் கேட்டார். "அந்த மனுஷன் கேட்டா கல்லறையிலேருந்து எழுந்து வந்துடுவாரு" என்றாள் பாட்டு டீச்சர், அப்பாவைச் சொல்லி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்பா கீழ்க்கிளைகளை மட்டும் வெட்டி, வாளித் தண்ணீரில் நிறுத்தித்தான் அனுப்புவார். இவர்களுக்கு அந்தப் பக்குவம் தெரியாது. உச்சியை வெட்டிவிட்டால் மரமே போய்விடும். உனக்குத் தெரியும், அவர் கூடவே நின்றவன் நீ.

பின்வாசல் கேட்டைப் பூட்டிச் சாவியை உன் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். திறக்காவிட்டால் பீடம் வெறுமையாக இருக்கும், அவ்வளவுதான். உன்னை ஒன்றும் கேட்க மாட்டேன்.

அம்மா

ரம்பம் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. அப்பாவின் கையுறையும் அங்கேதான். போன வருஷத்துப் பிசின் அதில் அப்படியே இருக்கிறது. துவைக்க எனக்கும் மனசு வரவில்லை.