தெரியாது சார்

சேசு மரி சூசை துணை

கீழத்தெரு
5-3-1989

அன்பு மகள் விண்ணரசிக்கு அப்பா எழுதுவது. உன் அத்தையை, என் கூடப்பிறந்த அக்காள் தெரசம்மாளை, ஓட்டுச்சாவடியில் எல்லோர் முன்னாலும் எனக்குத் தெரியாது என்று சொன்னேன். வாய் தவறிச் சொல்லவில்லை, கேட்ட கேள்வியைப் புரிந்துகொண்டுதான் சொன்னேன். இதை முதலில் எழுதினால்தான் மற்றதை எழுதக் கை வரும் என்பதால் நலம் விசாரிப்பதைக்கூடப் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் பிலாயில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஆனால் சுகம் என்று எழுத மனம் வரவில்லை. உன் கடிதம் வந்தது. மதிப்பிற்குரிய சவரியார் அவர்களுக்கு என்று தாலுகா ஆபீசுக்கு மனு போடுவதுபோல ஆரம்பித்திருந்தாய். அப்பா என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் உன் பேனாவில் மை குறைந்துபோயிருக்காது. இருந்தாலும் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, கொஞ்சம் இருக்கிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அத்தை சொல்லச் சொல்ல யாரோ உனக்கு எழுதியனுப்பிய கடிதத்தில் பொய் ஒன்றும் இருக்காது, அவளுக்குப் பொய் வராது. ஆனால் அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து பார்த்தது அவளுக்குத் தெரியாது, அதை நான்தான் எழுத வேண்டும்.

தலைவர் கண்ணை மூடிய பிறகு கட்சி இரண்டாகப் போனதும், இலைச் சின்னத்தை யாருக்கும் இல்லை என்று முடக்கி ஒரு பாதிக்குப் புறாவும் ஒரு பாதிக்குச் சேவலும் கொடுத்ததும் உனக்கு அங்கேயே பேப்பரில் வந்திருக்கும். கட்சி ஆரம்பித்த வருஷம் நம் தெருவில் கொடிக்கம்பம் நட்டவன் நான், அன்றிலிருந்து கிளைச் செயலாளர். ஒன்றியச் செயலாளர் பாலசுந்தரம் புறாப் பக்கம் போனார், நானும் போனேன். ஏன் போனாய் என்று உன் அத்தை கேட்டபோது, மேலே இருப்பவர் போகும் பக்கம் கீழே இருப்பவன் போனால்தான் கட்சி என்று சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, அப்ப தலைவருக்கு மேல யாரு இருந்தாங்க, அவரு யாரு பின்னால போனாரு என்று கேட்டாள். இத்தனைக்கும் அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சத்துணவுக் கூடத்தில் சமைத்துவிட்டு மத்தியானம் நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, தினமும் நான் படிக்கும் பேப்பரைக் கேட்டுத்தான் அவளுக்கு அரசியல் தெரியும். நான் படித்துக் காட்டிய அதே செய்திகளை வைத்து அவள் சேவலுக்குப் போனாள், அதுதான் எனக்கு ஆறவில்லை. நம் மாட்டுக் கொட்டகைக் கதவில் சேவல் போஸ்டரை ஒட்டினாள். நான் அதன்மேல் புறாவை ஒட்டினேன், மறுநாள் விடிந்து பார்த்தால் புறாவின்மேல் சேவல். கடைசியில் பசை வாசனைக்கு நம் சிவப்புப் பசு இரண்டு கட்சியையும் சேர்த்துத் தின்றுவிட்டது. அதைப் பார்த்து அவளும் உன் அம்மாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது, கிளைச் செயலாளர் சிரிக்கக் கூடாது என்று உள்ளே போய்விட்டேன். அதுவரைக்கும் எல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது.

தேர்தலுக்கு முதல்நாள் பாலசுந்தரம் பூத் ஏஜென்ட்டுகளை ஜெயங்கொண்டத்துக்கு அழைத்திருந்தார். வாக்காளர் பட்டியலில் பெயரோ வயதோ தப்பாக இருந்து, ஆள் சேவல் ஆள் என்று தெரிந்தால், ஆட்சேபணை சொல்லித் தடுத்துவிட வேண்டும் என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, அத்தனை பேருக்கு நடுவில், "உங்க வூட்டு ஓட்டே உங்க கையில இல்லியே சவரியாரு, நீங்க ஊரு ஓட்ட எங்கேர்ந்து கொண்டாரப் போறீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உனக்கு என் சுபாவம் தெரியும், அடித்தால் மறந்துவிடுவேன், சிரித்தால் மறக்க மாட்டேன். பஸ்ஸில் வரும்போது பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன். தெரசம்மாள் என்பதைத் தெரசாள் என்றும், அறுபதை ஒட்டிய வயதை முப்பத்தேழு என்றும் அச்சடித்து வைத்திருந்தார்கள். பார்த்த உடனே கிழித்துப் போட்டிருக்க வேண்டும். நான் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன்.

கோவிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில்தான் சாவடி. வீட்டு வேலையை முடித்துவிட்டு அவள் வெள்ளைச் சேலையில் வந்து பெண்கள் வரிசையில் நின்றாள். உள்ளே வரும்போது என்னைப் பார்த்து, காலையில் சாப்பிட்டாயா என்று கையாலேயே ஜாடையில் கேட்டாள். நான் பட்டியலைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். அவள் பெயரைப் படித்ததும் எழுந்து, அதற்கு உண்டான பணத்தைக் கட்டி, பட்டியலில் இருப்பது வேறு ஆள், இந்த அம்மா இல்லை என்று ஆட்சேபணை சொன்னேன். ஆள்மாறாட்டம் என்று முடிவானால் போலீசில் ஒப்படைப்பார்கள் என்ற சட்டமும் எனக்குத் தெரியும், ஏஜென்ட்டுகளுக்குக் கொடுக்கும் சட்டப் புத்தகத்தை எவர் உதவியும் இல்லாமல் நானே படித்தவன். பூத் ஆபீசர் வெளியூர் வாத்தியார், நல்ல மனிதர். "இவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா" என்று என்னைக் கேட்டார். அந்த இடத்தில் என் அக்காள் என்று சொல்லியிருந்தால் அவரே சிரித்து உட்காரச் சொல்லியிருப்பார். "தெரியாது சார்" என்றேன். சேவல் பக்கம் ஏஜென்ட்டாக இருந்த டீக்கடை இருதயநாதன் எழுந்து, சார், அது அவரு சொந்த அக்கா சார் என்றான். ஆபீசர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார், இருவருக்கும் ஒரே மூக்கு, ஊரே சொல்லும். கொஞ்சம் இருங்கம்மா, விசாரிச்சிட்டு ஓட்டு போடலாம் என்று அவளிடம் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள், கோபமாகப் பார்க்கவில்லை, காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு ஆபீசரிடம் சொன்னாள், "அவனுக்கே என்னத் தெரியலன்னா நான் யாருன்னு ஓட்டு போடுறது சார்." ஓட்டுப் போடாமலே போய்விட்டாள். ஆபீசர் கூப்பிட்டார், திரும்பவில்லை. நான் அந்த நாற்காலியிலேயே கடைசிவரை உட்கார்ந்திருந்து பெட்டிக்கு அரக்கு வைக்கும்போது கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன்.

புறாவும் ஜெயிக்கவில்லை, சேவலும் ஜெயிக்கவில்லை, மூன்றாவது ஆள் கோட்டைக்குப் போனார். சாம்பல் புதனுக்குச் சாமியார் என் நெற்றியில் சாம்பல் பூசிய கையோடு, பாடுகளின் காலம் சவரியார், யோசிச்சுக்குங்க என்று மெதுவாகச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார், அதற்கே எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. நம் ஊரில் யாருக்கும் வேதாகமத்தை நினைவுபடுத்த வேண்டியதில்லை. நான் டீக்கடையைத் தாண்டினால் உள்ளேயிருந்து யாராவது சேவல் மாதிரிக் கூவுகிறார்கள். முதலில் கட்சிச் சின்னத்துக்காகக் கூவுகிறார்கள் என்று நினைத்து முறைத்துக்கொண்டு போனேன். ஒருநாள் ஒருவன் மூன்று தடவை கூவினான், அப்போதுதான் உறைத்தது, சேவல் கூவுமுன் சேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை சொன்ன இராயப்பரை நினைத்துக் கூவுகிறார்கள் என்று. இராயப்பராவது வெளியே போய் அழுதார், எனக்கு அதுவும் வரவில்லை. இதற்கு நடுவில் மேலே இரண்டு பாதியும் ஒன்று சேர்ந்துவிட்டன, இலையும் திரும்பக் கிடைத்துவிட்டது. பாலசுந்தரமும் சேவல் பக்கத்து ஆளும் ஒரே ஜீப்பில் போகிறார்கள், ஒரே சோடாவை மாற்றி மாற்றிக் குடிக்கிறார்கள். பாலசுந்தரம் நம் வீட்டுக்கே வந்து, ஜெயங்கொண்டத்தில் இணைப்புக் கூட்டம் வைக்கிறோம், அக்காளும் தம்பியும் மேடையில் ஒருவருக்கொருவர் மாலை போட்டால் ஜனங்களுக்கு உருக்கமாக இருக்கும் என்று யோசனை சொன்னார். அத்தையிடமும் ஆள் அனுப்பியிருக்கிறார். தெரியாத ஆம்பளைக்கு நான் ஏன் மாலை போடணும் என்று அவள் சொல்லி அனுப்பினாளாம். நானும் முடியாது என்றுதான் சொன்னேன். இந்தத் தேர்தலில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

நான் அவள் வீட்டுக்குப் போகவில்லை என்று நினைக்காதே. போன வாரம் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை, எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, சும்மா பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு போனேன், படித்துக் காட்டலாம் என்று. கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். "யாரது, தெரிஞ்ச ஆளா" என்று உள்ளேயிருந்து கேட்டாள். என் செருப்புச் சத்தம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. நான்தான் என்று சொல்ல வேண்டியதுதானே, சொல்ல முடியவில்லை விண்ணரசி. பேப்பரைக் கதவில் சொருகிவிட்டு வந்தேன். அது இரண்டு நாள் அப்படியே இருந்தது. உன் அம்மா என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள், அதுவும் மாட்டைப் பார்த்துச் சொல்வதுபோல. நீங்கள் வந்து பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஞானத்தாயாகக் கோவிலில் நிற்கிறேன், ஆனால் சவரியார் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று அத்தை உன் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். பிள்ளையைக் கையில் வாங்கப் போகிறவள் நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு வரமாட்டாள் என்றால் நான் அந்த இலையில் எப்படி உட்காருவேன்.

கட்சியை விட்டுவிடுங்கள் என்று நீ எழுதியிருக்கிறாய், அரசியலே குப்பை என்று மாப்பிள்ளை கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. குப்பையாக இருந்திருந்தால் உன் அத்தைக்குச் சத்துணவுக் கூடத்தில் வேலை வந்திருக்காது, உன்னை நர்சுக்குப் படிக்க அனுப்ப எனக்குத் தைரியமும் வந்திருக்காது. கட்சி எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது. பாலசுந்தரம் என்னைக் கெடுத்தார் என்று சொல்லி நான் தப்பிக்கவும் மாட்டேன். அவர் ஆட்சேபணை சொல்லத்தான் சொன்னார், தெரியாது என்று சொல்லச் சொல்லவில்லை. அந்த வார்த்தை என்னுடையது. கட்சியை விட்டால் பழி கட்சியின்மேல் போய்விடும், நான் சுத்தமாகிவிடுவேன், அதற்காகவே விடக் கூடாது என்று இத்தனை நாள் பிடிவாதமாக இருந்தேன். இப்போது வேறு ஒன்று தெரிகிறது. இன்னொரு தேர்தல் வரும், இதே நாற்காலியில் உட்காரவைப்பார்கள், யாராவது ஒருவர் சிரிப்பார். அப்போது என் வாய் என்ன சொல்லும் என்று எனக்கு நிச்சயம் இல்லை. என்னை எனக்குத் தெரியும். கட்சி நல்லதா கெட்டதா என்பதற்காக இல்லை, என்னிடம் அந்த விசுவாசம் இருந்தால் அக்காளையும் இல்லை என்பேன் என்று கண்டுகொண்டதால் விலகுகிறேன். வேறு கட்சிக்கும் போக மாட்டேன், ஓட்டு இலைக்குத்தான், அதில் யாரும் என்னை மாற்ற முடியாது.

மற்றபடி இந்த வருஷம் பனி அதிகம், முந்திரிப் பூ பாதி கருகிவிட்டது. சிவப்புப் பசு சினையாக இருக்கிறது. உன் அம்மாவுக்குக் கண் மங்கலாகத் தெரிகிறது, கேட்டால் பார்க்க என்ன இருக்கிறது என்கிறாள், அது என்னைச் சொல்வது. குழந்தையை ரயிலில் ஜன்னல் ஓரம் உட்காரவைக்காதே, கரித்தூள் கண்ணில் விழும். விருத்தாசலத்தில் இறங்கி ஜெயங்கொண்டம் பஸ்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள், நான் பஸ் நிலையத்தில் இருப்பேன். உங்கள் மூன்று பேருக்கும் மாதாவின் அடைக்கலமும் என் ஆசீரும் என்றும் உண்டு. இனி நடக்க வேண்டியவற்றை எழுதுகிறேன், இதில் ஒன்றையும் மாற்ற வேண்டாம்.

குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் ஜனங்கள் கலைவதற்குள் நான் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று, தெரசம்மாள் என் அக்காள், சாவடியில் நான் சொன்னது பொய் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கூவுகிறவர்கள் கூவிக்கொள்ளட்டும், நான் முடிக்கிறவரை போகக் கூடாது. அந்த ஆபீசருக்கும் இதையே எழுதி அனுப்ப வேண்டும், அவர் எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் என்று இருதயநாதன் விசாரித்துச் சொல்ல வேண்டும், அவனிடம் கேட்கப் போகிறவன் நானேதான். பாலசுந்தரம் கொடியையும் கிளை ரசீதுகளையும் வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும், காபி கொடுப்போம், பேச்சு வேண்டாம். உன் அம்மா அத்தை வீட்டுக்குப் போய் எனக்காகப் பரிந்து பேசுவதை நிறுத்த வேண்டும். மாப்பிள்ளை லீவைத் தள்ளிப்போடாமல் ஈஸ்டருக்கு முன்னால் வந்து சேர வேண்டும். ஞானஸ்நான விருந்தை நம் வீட்டில் வைக்காமல் அத்தை வீட்டில் வைத்துக்கொள்ள நீ அவளுக்கு எழுதிக் கேட்க வேண்டும், அரிசியும் காய்கறியும் நான் வாசல்வரை கொண்டுவந்து இறக்குவேன், அவள் உள்ளே கூப்பிட்டால் வருவேன், கூப்பிடாவிட்டால் வெளியே நின்று பந்தி விசாரிப்பேன். உன் அத்தை செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை.

உன் அப்பா
ம. சவரியார்